பாவாடை (எ) கொமாந்தாந்தே

அரங்கநாதன் முழுச் சாக்பீஸில் எழுதமாட்டான். முழுசாக இருந்தால் பலகையில் கீச்சிடும். கையில் எடுத்ததும் இரண்டாக ஒடிப்பான். குட்டையானதை வைத்துக்கொண்டு நீளமானதை டப்பாவில் திரும்பப் போடுவான். பிறகு ஈரத்துணியால் கரும்பலகையின் வலது மேல்மூலையை மட்டும் மூன்று முறை துடைத்து, ஈரம் காயும்வரை வாயால் ஊதுவான். காய்ந்த இடத்தில் அன்றைய ஆங்கிலச் சொல்லை எழுதுவான். கீழே அதன் பொருள். அதற்கும் கீழே, அந்தச் சொல்லை யார், எங்கே, யாரைப் பற்றிப் புழங்குகிறார்கள் என்ற விவரம். கடைசியில், அகராதியில் இல்லாத, அவனே கட்டிய ஒரு வாக்கியம். வாக்கியம் இல்லாமல் ஒரு சொல்லை அவனால் விட்டுவிட்டுப் போக முடியாது. எழுதியதும் கடைசி பெஞ்சுக்குப் போய் மாணவன் மாதிரி உட்கார்ந்து உதடு அசைய ஒருமுறை படிப்பான். திரும்பி வந்து ஒரு காற்புள்ளியைத் திருத்துவான். அது பெரும்பாலும் முன்பே சரியாகத்தான் இருந்திருக்கும்.

சின்னசேலம் கடைத்தெருவில் ஒரு உரக்கடையின் மாடிதான் அவனுடைய டுடோரியல். பத்தாவதில் ஆங்கிலத்தைக் கோட்டைவிட்டவர்கள் யூரியா நெடியில் உட்கார்ந்து மறுபடியும் அதே பாடத்தைப் படித்தார்கள். மூலைச் சொல்லை ஒருவனும் எழுதிக்கொண்டதில்லை. பரீட்சைக்கு வராத சொல் எவனுக்கு வேண்டும்? மூர் மார்க்கெட்டில் வாங்கிய, முதுகில் குடைத்துணி ஒட்டிய அந்தத் தடித்த அகராதியை அவன் வரிசைப்படியே எடுத்துக்கொண்டு போனான். ஏழு வருடத்தில் மூன்றாவது எழுத்தைத் தாண்டியபாடில்லை.

"சாரு இசட்டுக்கு வரத்துக்குள்ள நாம பேரன் எடுத்துடுவோம்டா" என்று டுடோரியல் ஆரம்பித்த வருடத்து மாணவன் தமிழரசன் படிக்கட்டில் இறங்கியபடி சொன்னது அவன் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டான். காதில் விழுந்தவற்றில் பாதியை விழாத மாதிரி வைத்துக்கொண்டுதான் முப்பத்தொரு வயதுவரை வந்திருந்தான்.

நைனார்பாளையத்தில் அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் மரவள்ளி. அண்ணன் பார்த்துக்கொண்டான். அரங்கநாதன் ஆங்கிலத்தில் பி.ஏ. என்பதால் அவனை யாரும் வயலுக்கு அழைக்கவில்லை, ஆங்கிலத்துக்கும் யாரும் அழைக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஒன்பது வருடம் கழித்து, 1987 ஆவணியில்தான் பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. இளநிலை உதவியாளர். போலீஸ் விசாரணையில் அவன்மேல் ஒன்றும் இல்லை என்று வந்தால் உத்தரவு. அவன் அம்மா கண்ணகி அந்த உறையை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். "இனிமே எதுலயும் போய் நிக்காத. கூட்டம் கண்ட எடத்துல சைக்கிள நிறுத்தாத" என்றாள். அவன் தலையாட்டினான். கூட்டத்தில் நிற்கும் ஆள் அல்ல அவன். ஓரத்தில் நின்று பார்க்கும் ஆள்.

புரட்டாசி பிறந்த வாரம் சாலை மறியல் ஆரம்பித்தது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்று விவசாயச் சாதிப் பிள்ளைகள் சங்கம் கட்டி, ஏழு நாள் எந்த வண்டியும் ஓடாது என்று அறிவித்திருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அரங்கநாதனும் அதே சாதிதான். ஒன்பது வருடம் காத்திருந்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் காலையில் சின்னசேலத்தில் பஸ் இல்லை, கடை இல்லை, மாணவர்களும் இல்லை. அவன் மட்டும் சைக்கிளில் வந்து மாடியைத் திறந்து, சாக்பீஸை ஒடித்து, காலி பெஞ்சுகளுக்கு அன்றைய சொல்லை எழுதினான்.

கொமாந்தாந்தே. ஸ்பெயின் நாட்டுப் பட்டாளத்தில் ஒரு பதவி. நம் பட்டாளத்து மேஜருக்குச் சமம். ஆனால் ஆங்கிலத்துக்குள் வந்ததும் அந்தச் சொல் சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் அதை எழுதும்போது, தென்னமெரிக்கக் காடுகளில் அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு திரியும் கூட்டத்தின் தலைவனைத்தான் குறிக்கின்றன. மொழிபெயர்க்காமல், பெயருக்கு முன்னால், பட்டமாக. கடைசியில் அவன் கட்டிய வாக்கியம்: கொமாந்தாந்தே கையை உயர்த்தினார், காடு மூச்சடக்கியது.

அது அவனுக்குப் பிடித்திருந்தது. காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. சொல்லை வாய்க்குள் மென்றுகொண்டே வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தான்.

நைனார்பாளையம் சாலையில், ஊருக்கு ஒரு மைல் முன்னால், நூறு நூற்றைம்பது பேர் கூடியிருந்தார்கள். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தும் சைக்கிள் தானாக நின்றது. நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளையடித்து எண் போட்ட பெரிய புளியமரம். அதைச் சாலையில் சாய்க்கப் பையன்கள் காலையிலிருந்து கோடாலியால் கொத்தியிருந்தார்கள். தெரியாத கொத்து. மரம் சாலைப்பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம், கரண்ட் கம்பியின் மேலும் அதற்குப் பின்னால் இருந்த பம்புசெட்டுக் கொட்டகையின் மேலும் சாயப் பார்த்தது. தொட்டால் விழும், யார்மேல் என்றுதான் தெரியாது. அதனால் காலனிக்குப் போய்ப் பாவாடையை இழுத்து வந்திருந்தார்கள்.

பாவாடைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்வராயன் மலையில் வனத்துறை ஏலம் விடும் கூப்புகளுக்கு மரம் வெட்டப் போய்க் கற்றுக்கொண்ட தொழில். இரண்டு பக்கமும் பிடி வைத்த நீள ரம்பத்தின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் அவன் மனைவி சாலம்மாள். சுற்றுப்பட்டில் எந்த வீட்டு உத்திரத்துக்கும் அவர்கள் இருவரும் அறுத்த மரம்தான்.

"எனக்கு இன்னா சாமி இதுல?" என்று பாவாடை கைகட்டி நின்றான். "நீங்க கேக்கற சலுகை நம்ம காலனிக்கு இல்லியே. சர்க்கார் மரத்துல கைய வச்சா என்னியதான புடிப்பான்?"

தமிழரசன்தான் அந்த ஊருக்குச் சங்கத் தலைவன். பத்தாவதை மூன்றாவது தடவையில் தாண்டியவன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"காலனியில எத்தினி கூர இருக்கு பாவாட?"

"நாப்பது சாமி."

"ஓலையா, ஓடா?"

சாலம்மாள் ரம்பத்தைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தாள்.

மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, பட்டையைத் தட்டிப் பார்த்து, அண்ணாந்து கிளைகளை எண்ணுவதுபோல் விரலாட்டிவிட்டுப் பாவாடை சொன்னான்: "சாமி, ஒண்ணே ஒண்ணு. ரம்பம் உள்ள போயிட்டா மரம் வுழுற வரிக்கும் ஒருத்தன் கொரல்தான். நான் சொல்றத கேக்கணும். கேக்கலன்னா பொணம் வுழும்."

மரம் வெட்டுகிறவர்களிடம் அது பழைய முறை. மலையில் ரேஞ்சரே நின்றாலும், ரம்பம் ஓடும்போது வெட்டுகிறவன் சொன்ன இடத்தில்தான் நிற்பார். தமிழரசன் "செரி செரி" என்றான்.

பிறகு நடந்ததை அரங்கநாதன் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்தான். ரம்பம் ஓடத் தொடங்கியதும் பாவாடையின் குரல் மாறியது. அது அவன் தொண்டையிலிருந்து வந்த மாதிரியே இல்லை. "கயித்த இறுக்கு! நாலு பேரு இல்ல, பத்து பேரு! வடக்கால போ! நவுறு, நவுறு!" வடக்கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அவனுக்கு நிலம் கொடுக்காதவர்களின் மகன்கள், அவனைச் செருப்போடு தெருவில் விடாதவர்களின் பேரன்கள். அத்தனை பேரும் ஓடினார்கள், நின்றார்கள், குனிந்தார்கள். மரம் முறிகிற முதல் சத்தம் கேட்டது. தமிழரசன் எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தான். பாவாடை ரம்பத்தை விட்டு ஒரு கையை உயர்த்திக் கத்தினான்: "டேய் வெள்ளச் சட்ட! பின்னால போடா!"

தமிழரசன் பின்னால் ஓடினான். அவன் நின்ற இடத்தில் கிணற்று வாய் அகலத்துக்கு ஒரு கிளை இறங்கியது. மரம் குறுக்கே, கோடு போட்ட மாதிரி, சாலையை அடைத்துப் படுத்தது.

புழுதி அடங்கியது. யாரும் கைதட்டவில்லை. டேய் என்ற சொல் மட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தது. பாவாடைக்கும் அது அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாதி உடம்பாகக் குறுகி, "வாய் தவறி வந்திட்டுது சாமி, மரம் வுழுற நேரம்" என்றான். தமிழரசன் முகம் செத்துப்போய் இருந்தது. கை மெல்ல மேலே வந்தது.

அரங்கநாதனுக்கு அடி விழுவதைப் பார்க்கப் பிடிக்காது. எதையாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து வாயில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"இவருதான் நம்ம கொமாந்தாந்தே" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. "இன்னா சார் அது?" என்றான் ஒருவன். அரங்கநாதன் விளக்கினான். ஸ்பெயின், மேஜர், காடு, துப்பாக்கி, பட்டம் எல்லாம். கரும்பலகையில் இருந்தது அப்படியே வந்தது. ஒருவன் சிரித்தான். அழுக்குக் கோவணமும் காது மடலில் பீடியுமாக நின்ற பாவாடையைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். தமிழரசனும் சிரித்தான். தூக்கிய கையை நெற்றியில் வைத்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

"கொமாந்தாந்தே பாவாட!"

அறை விழவில்லை. ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒரு மூலைச் சொல்லைப் பிறர் வாயில் கேட்டபடி அரங்கநாதன் வீட்டுக்குப் போனான். அன்றைக்குச் சோறு அதிகமாகச் சாப்பிட்டான்.

அடுத்த இரண்டு நாளும் பாவாடையை விடவில்லை. சிமெண்ட் சாக்குத் தாளில் தொப்பி செய்து தலையில் அமுக்கினார்கள். மாட்டுக்குக் கட்டும் மணிகளை நூலில் கோத்து மார்பில் தொங்கவிட்டார்கள். நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கி மரத்துக்கு மரம் கொண்டுபோனார்கள். அவன் உட்காரமாட்டேன் என்று அழுதபோது அதற்கும் சிரித்தார்கள்.

"கட்டள போடுங்க கொமாந்தாந்தே! டேய் போடாமே ஒரு கட்டளையா?"

"வேணாம் சாமி."

"போடுடா."

"டேய்..." என்று அவன் முனகுவான். அதற்கு ஒரு விசில். இன்னும் சத்தமாக என்று பின்னந்தலையில் ஒரு தட்டு. மறுபடியும் டேய். மறுபடியும் தட்டு. ஏழு மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் நூறு பேர் கூடிக் "கொமாந்தாந்தே வாழ்க!" என்று கத்தினார்கள். அந்தக் கத்தல், சற்றுத் தள்ளிச் சோளக்காட்டில் ஒளிந்திருந்த மஃப்டி போலீஸ்காரர்கள்வரை கேட்டது. வெயிலில் நாவறண்டு அவன் தண்ணீர் கேட்டபோது பானையைத் தொடவிடவில்லை. கொட்டாங்குச்சியில் எட்டி நின்று ஊற்றினார்கள். கொமாந்தாந்தே கை குவித்துக் குடித்தான், தொப்பி நனைந்து கண்ணை மறைத்தது. சாலம்மாள் ரம்பத்தின் மறுமுனையில் அறுத்துக்கொண்டே இருந்தாள். அரங்கநாதன் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் போய் ஓரத்தில் நின்றான். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே நூறு வாயில் ஒலித்தது அவனுடைய சொல்.

நாலாம் நாள் போலீஸ் வேன்கள் வந்தன. கண்ணீர்ப்புகை, தடியடி. பையன்கள் கல்வராயன் அடிவாரத்துக்கு ஓடினார்கள். பாவாடை ஓடவில்லை. ஓடுவதற்கு அவனிடம் காரணம் இல்லை. அவன் மறியல் செய்யவில்லையே, மரம்தானே அறுத்தான். வீட்டு வாசலில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பிறகு நிலையத்துக்குப் போய்ப் பேசினார்கள். தலைவன் யார் என்று கேட்டதற்கு ஒருவர் மாற்றி ஒருவர் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். மஃப்டியில் வந்தவர்களும் அதையே சொன்னார்கள்: கையைத் தூக்கிக் கட்டளை போட்டவன் அவன், நூறு பேரும் அவன் சொல்லுக்குத்தான் ஓடினார்கள். கண்ணால் கண்ட சாட்சி. ஒரு வார்த்தை பொய்யில்லை. பையன்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள்.

பாவாடையைப் பிடித்துப்போன எட்டாம் நாள் சாலம்மாள் டுடோரியலுக்கு வந்தாள். மாடிப்படி ஏறாமல் கீழே உரக்கடை ஓரத்தில் நின்றாள். அரங்கநாதன்தான் இறங்கிப்போனான்.

"சாரு, எட்டு நாளா உள்ள வச்சிக்கினு அடிக்கிறாங்க. எந்தக் காட்டுல துப்பாக்கி வச்சிருக்க, யாரு உனக்கு அந்தப் பேரு குடுத்தாங்கன்னு கேக்கறாங்களாம். அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்னே எங்க ஊட்டு ஆளுக்குத் தெரியாது, உங்க பேர சொல்லவும் பயப்படுது சாரு."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"நீங்கதான வச்சீங்க. வெளையாட்டுக்கு வச்சதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வுட்டுடுவாங்க. நீங்க படிச்சவரு. நான் சொன்னா எவன் நம்புவான்?"

"சொல்றேம்மா" என்றான் அரங்கநாதன்.

"சத்தியமா சொல்லுவீங்களா?"

"சொல்றேன்னு சொன்னனே."

அவள் கும்பிட்டாள். ரம்பப் பிடி காய்த்த கை, மரக்கட்டை மாதிரி இருந்தது. அவள் தெருமுனை திரும்பும்வரை நிஜமாகவே சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். மாடியேறி உட்கார்ந்ததும் அரிசிப் பானைக்குள் இருக்கும் உறை கண்ணில் வந்தது. விளையாட்டுக்கு வைத்த பெயர் என்றால், வைத்தபோது நீ எங்கே நின்றாய் என்று கேட்பார்கள். மரத்தடியில் என்று சொல்லவேண்டும். எத்தனை நாள் என்பார்கள். மூன்று நாள். அவனைப் பற்றிய விசாரணைத்தாள் போவதும் அதே நிலையத்துக்குத்தான். போய்ச் சொல்லலாமா, எப்படிச் சொல்லலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே, மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து, "இங்கிலீஷ் சார் நீங்கதான? இன்ஸ்பெக்டர் கூப்டறாரு" என்றார்.

பத்து நிமிட நடை. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார். நாற்காலி. டீ. கண்ணாடி டம்ளரில், தட்டோடு.

"ஒண்ணுமில்ல சார். அந்தப் பாவாடைய எல்லாரும் ஒரு பேரு சொல்லிக் கூப்டிருக்காங்க. நம்ம ஸ்டேஷன்ல ஒருத்தனுக்கும் புரியல. ஸ்பானிஷ்னு ஒருத்தன் சொல்றான், கிறிஸ்தவப் பேருன்னு ஒருத்தன் சொல்றான். மேல அனுப்பற பேப்பர்ல பேருன்னு போட்டா அது இன்னான்னு எழுதணுமில்ல? இந்த ஏரியாவுலயே நீங்கதான் இங்கிலீஷ்ல கரைகண்டவர்னாங்க. சும்மா ரெண்டு வரி எழுதிக் குடுங்க போதும்."

ஸ்டேஷன் ரைட்டர் பொன்னுரங்கம் மேசைமேல் வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்தார். கம்பிக்குப் பின்னால், பிடிபட்ட மற்றவர்களிடமிருந்து தள்ளி, சுவரோரம், ஒரு உருவம் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தது. வலது தோள் இடது தோளைவிடக் கீழே தொங்கியது. அரங்கநாதன் அந்தப் பக்கம் ஒருமுறைதான் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அந்தச் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் காத்திருந்தார், அதுவும் மரியாதையோடு. அப்படி ஒருவர் அரங்கநாதனின் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

முதலில் ஒரு வரி எழுதினான்: ஸ்பானியப் படையில் ஓர் அதிகாரியின் பதவிப்பெயர். அங்கே நிறுத்தியிருக்கலாம். அது உண்மை, போதுமான உண்மை. நிறுத்தினால் வெறும் பட்டப்பெயர், யாரோ சொன்னது, அதோடு முடிந்துவிடும். ஆனால் பொருளை மட்டும் எழுதிப் புழக்கத்தை எழுதாமல் விடுவது அரைகுறை வேலை. கை நகர்ந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபின் எப்படி மாறியது. பத்திரிகைகள் யாரைக் குறிக்கப் பயன்படுத்துகின்றன. ஆயுதம், காடு, அரசுக்கு எதிரான கூட்டம். பெயருக்கு முன்னால் பட்டமாக வருவது. கூட்டத்தார் தாங்களே மனமுவந்து கொடுப்பது. ஒன்றரைப் பக்கம். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. கடைசியில் ஒரு விரல் அகல இடம் மிச்சம் இருந்தது. வாக்கியம் இல்லாமல் முடிக்க அவனுக்கு வராது. ஆங்கிலத்தில் எழுதினான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: கொமாந்தாந்தே கையை உயர்த்தினார், நூறு பேர் ஒரு சொல்லும் பேசாமல் அவருக்குக் கீழ்ப்படிந்தனர்.

எழுதியபிறகுதான் எதை எழுதினோம் என்று படித்தான். அடிக்கலாமா என்று பேனா ஒரு கணம் நின்றது. அடித்தால் தாள் அசிங்கமாகும்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "அடேங்கப்பா" என்றார். பிறகு, சாதாரணமாகத்தான் கேட்டார்: "இந்தப் பேர இவனுக்கு யாரு சார் வச்சிருப்பாங்க? இந்தப் பசங்களுக்கு இவ்ளோ தெரியாதே."

உள்ளே இருந்த தலை நிமிர்ந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. திறந்திருந்த கண் அரங்கநாதனைப் பார்த்தது. கெஞ்சவில்லை. சும்மா பார்த்தது. வாய் திறக்கவில்லை.

"தெரியலைங்க" என்றான் அரங்கநாதன். "மலைப்பக்கம் யாராவது வெளியாளுங்க வந்து போயிருக்கலாம்."

இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் வேப்பமரத்தடியில் சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் முழுக்க ஒரே கேள்வி.

"எழுதிக் குடுத்துட்டேம்மா" என்றான்.

அவள் அவன் காலைத் தொட வந்தாள். அவன் விலகி நடந்தான்.

பாவாடையை ஒரு வருடம் விசாரணையில்லாமல் வைக்கும் சட்டத்தில் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆயுதக்குழு அமைக்க முயன்றது என்று காரணம் எழுதப்பட்டிருந்ததாக ஊரில் பேச்சு. தமிழரசன் அதைக் கேட்டு, "நம்ம கொமாந்தாந்தேவுக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் ஒரு மணிநேரம்கூட உள்ளே இருக்கவில்லை. சாலம்மாள் ரம்பத்தை வைத்துக்கொண்டு ஒண்டியாக என்ன செய்வாள்? மறுமுனைக்கு வேறு ஆண் வந்தால் ஊர் பேசும். ஆறு மாதம் பொறுத்து, பழைய இரும்புக்கு விற்றுவிட்டு, மலையில் கடுக்காய் பொறுக்கப் போனாள். மழையில் பாறை வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து, மூன்றாம் நாள் செத்தாள். கடலூருக்குத் தகவல் போனது. ஆளை அனுப்ப உத்தரவு வருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

அரங்கநாதனுக்கு அடுத்த தை மாதம் உத்தரவு வந்தது. அவன்மேல் ஒன்றும் இல்லை என்று நிலையத்திலிருந்து நல்லபடியாக எழுதியிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். அம்மா பெண் பார்த்தாள். பெண் பெயர் செந்தமிழ்ச்செல்வி, டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். டுடோரியலை மூடிவிட்டான்.

உள்ளே போய் ஒரு வருடமும் சில நாட்களும் கழித்துப் பாவாடை அவனைத் தேடிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே வந்தான். வலது கை முழங்கைக்குமேல் தூக்க வரவில்லை. மடியில் ஒரு பொட்டலம், பலாச்சுளை, மலைப்பலா. மேசைக்கு எட்டி நின்று இடது கையால் நீட்டினான்.

"இன்னா பாவாட, எப்டி இருக்க?" என்றான் அரங்கநாதன்.

"கீறேன் சாமி. எவனோ வெளியாளுன்னு நீங்க அன்னிக்குச் சொல்லி, எழுதியும் குடுத்ததாலதான் ஒரு வருசத்தோட போச்சு. இல்லாட்டி ஆயுளுன்னு உள்ள சொன்னானுங்க. சாலம்மா கடசியா பாக்க வந்தப்ப சொல்லிச்சு, அந்த சாரு சத்தியத்த காப்பாத்திட்டாரு, வந்ததும் மொதல்ல அவர போய்ப் பாருன்னு. அதான்."

பக்கத்து மேசைக்காரர், "யாரு சார் இது?" என்றார்.

"ஊர்க்காரன்" என்றான்.

பாவாடை போனபிறகு பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஆளுக்கு இரண்டு சுளை வந்தது. நல்ல இனிப்பு என்றார்கள். அரங்கநாதனும் சாப்பிட்டான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

அதற்குப்பின் பாவாடையை எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். காலனிப் பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். ரம்பம் பிடிக்க வராத கை என்பதால் கரும்பு வெட்டும் இடங்களில் காய்ந்த சோகை பொறுக்கினான். கருணாபுரத்தில் தங்கை வீட்டில் சில வருடம் கிடந்தான். அங்கேயே போய்ச் சேர்ந்தான். ரேஷன் அட்டையில் மட்டும் பாவாடை என்று இருந்தது.

ரைட்டர் பொன்னுரங்கம் ஓய்வு பெற்றபின், 2003 வாக்கில், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்து டீக்கடையில் அரங்கநாதனை அடையாளம் கண்டுகொண்டார். பழைய கதை பேசப் பிரியப்பட்ட மனிதர். அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவனை நிலையத்துக்குக் கூப்பிட்ட அந்தக் காலையில், மறியலுக்காகச் சுற்றுப்பட்டில் பிடித்தவர்களில் அன்று மாலையே எச்சரித்து வெளியே விடவேண்டிய பதினோரு பேரின் பட்டியல் தட்டச்சாகி, இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் ஆகியிருந்தது. ஏழாவது பெயர் பாவாடை. எதற்கும் உதவாத ஆள், அடித்ததே ஜாஸ்தி, போய்த் தொலையட்டும் என்றுதான் இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வேறு பெயர் இருந்தால் விளக்கவும் என்று ஒரு கட்டம் இருந்தது. ஏழாவது பெயரின் கட்டம் மட்டும், அவன் எழுதித் தரவேண்டிய இரண்டு வரிக்காக, காலியாக இருந்தது.